அந்த விளையாட்டுக்கு முடிவு இருந்தது, கவின்

அன்புள்ள கவினுக்கு,

அடுப்பை நான்தான் அணைத்தேன். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதை எழுதிவிடுகிறேன். போன திங்கட்கிழமை நீ ராவாங்கில் வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் கேஸ் வாடை அடிக்கிறது என்று ஜன்னலைத் திறந்தாய். அப்போது என்னை நீ பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அணைத்தேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். குமிழைத் திருப்பியபோது விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது கூட நினைவிருக்கிறது. ஆனால் அது திங்கட்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷமாகத் தினமும் மூன்று வேளை அதே குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். எந்த நாள் திருப்பியது எது என்று யாருக்குத்தான் தெரியும்? இப்படி எழுதும்போது எனக்கே நான் சாக்குச் சொல்வது போலவும் இருக்கிறது, நியாயம் பேசுவது போலவும் இருக்கிறது. எது என்று விளங்கவில்லை.

நேரில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் பேசினால் நீ பேச்சைக் கேட்பதில்லை, நான் எங்கே தடுமாறுகிறேன் என்று பார்க்கிறாய். ஒரு பெயர் வர இரண்டு நொடி தாமதமானால் உன் முகம் மாறிவிடுகிறது, அதைப் பார்த்ததும் எனக்கு வரவேண்டிய பெயரும் ஓடிவிடுகிறது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. கல்யாணத்துக்கு முன்பு வானொலி நிகழ்ச்சிகளுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதிப் போட்டவள் நான், எழுத்து எனக்குப் பயமில்லை. இன்னொன்று, ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் உனக்கு வேலை கொடுத்த கம்பெனியிடம், "என்னால இப்ப வர முடியாது, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல," என்று நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். இன்று புதன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைக்குத்தான் என்று நீ அவர்களிடம் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

எல்லாம் அந்தச் சனிக்கிழமை ஆரம்பித்தது. பயணத்துக்கு முன்னால் அறையைக் காலி செய்கிறேன் என்று நீ சேர்த்துவைத்திருந்த பழைய விளையாட்டு மெஷின்களை ஒவ்வொன்றாக டிவியில் மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாய். காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்த நான் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு வானம், புள்ளி புள்ளியாக நட்சத்திரம், நடுவில் குறி பார்க்கும் சின்னக் கோடு. "இது எனக்குத் தெரியும்," என்றேன். நீ சிரித்தாய். "ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும், இது நாப்பது வருஷத்துக்கு முந்துன கேம்," என்றாய். எனக்கும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வயது இருந்தது என்பது உனக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். துணியைக் கீழே போட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்கை வாங்கினேன். இரண்டு எதிரிக் கப்பலை அடுத்தடுத்துச் சுட்டேன். நீ வாயைப் பிளந்தாய். பிள்ளை பெற்று இருபத்தொன்பது வருஷத்தில் உன்னை நான் இப்படி ஆச்சரியப்படுத்தியதே இல்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. "இத நான் முடிச்சிருக்கேன்," என்றேன். நீ பொறுமையாக விளக்கினாய். இதே விளையாட்டை அந்தக் காலத்தில் பல மெஷின்களுக்குச் செய்தார்களாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்குமாம். எண் பட்டன் பலகையோடு வந்த, கார்ட்ரிட்ஜ் செருகும் பழுப்புப் பெட்டியில் முடிவே கிடையாது, நாம் சாகும்வரை எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். கீபோர்டு வைத்த கம்ப்யூட்டரில்தான் எல்லா எதிரியையும் தீர்த்தால் ஆட்டம் முடிந்து நமக்கு ஒரு பதவிப் பெயர் வரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீபோர்டெல்லாம் இல்லை, எண் போட்ட சின்னப் பட்டன் பலகைதான், அந்த வீட்டில் ஒரே ஒரு மெஷின்தான் இருந்தது, அதில்தான் முடித்தேன் என்று சாதித்தேன். நீ போனில் எதையெதையோ தேடிவிட்டு, "நீங்க சொல்ற மாதிரி ஒண்ணு ஒலகத்துலயே இல்லம்மா," என்றாய். நான் கத்தினேன். உடனே உன் குரல் இறங்கிவிட்டது. "பரவால்லம்மா, விடுங்க. நீங்கதான் முடிச்சீங்க," என்றாய். நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. நீ விட்டுக்கொடுத்ததும்தான் பயம் வந்தது.

அந்த வீடு எது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அது தெரியும். என் அம்மா பால்மரம் வெட்டிவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கிராணி வீட்டில் துணி துவைக்கப் போவார், துணைக்கு நானும். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அந்தக் கிராணி கையில், அவர் வந்தால் லயமே எழுந்து நிற்கும். அவர் மகள் சரோஜாவுக்கு என் வயதுதான். பெயர் சொல்லிக் கூப்பிடாதே, பாப்பா என்று கூப்பிடு என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். அந்த வீட்டில் டிவியும் இருந்தது, சரோஜாவின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மெஷினும் இருந்தது. விளையாட அவளுக்கு ஆள் வேண்டும், ஏனென்றால் அந்த விளையாட்டுக்கு இரண்டு கை போதாது. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கப்பலை ஓட்டிச் சுட ஒருத்தி, எண் பட்டனை அமுக்கிக் கேடயம் போட, வரைபடம் எடுக்க, வேறு இடத்துக்குத் தாவ இன்னொருத்தி. சரோஜா நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுவாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று அமுக்குவேன். உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. உட்காரலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை.

எத்தனை மாதம் தோற்றோம் தெரியுமா? தோற்ற காரணத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். வரைபடத்தை எடுத்தால் வானம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். சில கட்டத்தில் நம் தளம் இருக்கும், சிலவற்றில் எதிரி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிரிகள் கட்டம் கட்டமாக நகர்ந்து நம் தளத்தைச் சூழ்ந்து உடைப்பார்கள். கிராணியின் ஆபீஸ் சுவரில் தோட்டத்தின் வரைபடம் ஒன்று மாட்டியிருக்கும், அதுவும் அப்படித்தான் கட்டம் போட்டு எண் போட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மண்டோர், அவருக்குக் கீழே ஆட்கள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிரை மரம். அடுத்தவன் நிரையில் கத்தி வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். அதே புத்தியோடு நாங்கள் எங்கள் கட்டத்தில் உள்ள எதிரியைச் சுட்டுவிட்டு அங்கேயே காத்திருப்போம். பக்கத்துக் கட்டத்தில் தளத்தைச் சூழ்கிறார்கள், பீப் பீப் என்று எச்சரிக்கிறது. "போவமா?" என்று நான் கேட்டால், "அது நம்ம டிவிசன் இல்லடி, அங்க வேற ஆளு இருப்பாங்க," என்பாள் சரோஜா. கிராணி மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நிற்பேன். தளம் உடையும், கப்பலில் எண்ணெய் தீரும், ஆட்டம் போகும். வேறு ஆள் வரவே மாட்டார்கள், அந்த வானத்தில் இருப்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்பது ஒரு தீபாவளி விடுமுறையின்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அன்றைக்குக் கேட்காமலே எண்ணை அமுக்கிக் கப்பலைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவவிட்டேன். சரோஜா திட்டிக்கொண்டே சுட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் ஒன்றுவிடாமல் எல்லாக் கட்டத்தையும் துடைத்தோம். கடைசியில் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நமக்குக் குப்பை லோரி டிரைவர் வேலை போட்டுக் குடுத்திருக்காங்கடி!" வென்றவர்களுக்குத் தருவதில் ஆகக் கீழான பதவியாம் அது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பின்னால் நிஜமாகவே லோரி டிரைவருக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன், நெல் லோரி என்பதுதான் வித்தியாசம்.

இப்போது ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். போன வியாழன் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போனது கோலா குபு பாருவுக்கு. சரோஜா அங்கே அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அம்பாங் பெச்சா பக்கம் வீடு கட்டியிருக்கிறாள் என்று ஒரு கல்யாணத்தில் கேள்விப்பட்டிருந்தேன். தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன், வழி தவறவில்லை, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள். வீட்டு வாசலில் நின்று பெயரைச் சொன்னதும் முழித்தாள். "ஞாயித்துக்கெழம... பட்டன்..." என்றதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னை உட்காரச் சொன்னாள், நான் பாதி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐம்பத்தேழு வயதில்! அது என்ன பழக்கமோ, எனக்கே வெட்கமாக இருந்தது.

தேநீர் வரும்வரை கூடப் பொறுக்காமல் கேட்டேன். "நம்ம வெளையாடுன மெஷின்ல கீபோர்டு இருந்துச்சா, இல்ல பட்டன் பலகையா?" அவள், "ரெண்டும் இருந்துச்சே," என்றாள். "மொதல்ல இருந்த பழுப்புப் பொட்டிய சித்தப்பா திருப்பி எடுத்துக்கிட்டு, படிக்கிறதுக்குன்னு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தாருல்ல. அதே கேம் அதுலயும் இருந்துச்சி. மெஷின் மாறுனதையே நீ கவனிக்கலையாலா?" நான் கவனிக்கவில்லை, கவின். பின்னால் நின்றவளுக்குத் திரை மட்டும்தான் தெரிந்தது. பலகையிலும் எண்ணைத்தான் அமுக்கினேன், கீபோர்டிலும் எண்ணைத்தான் அமுக்கினேன். என் விரலுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஆக அந்த விளையாட்டுக்கு முடிவு இருந்தது. நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி, நான் சொன்னது தப்பு என்பதும் சரி. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உடனே அவள் அதைக் கெடுத்தாள். "ஆனா நீ எங்கடி முடிச்ச? நான்தான் முடிச்சேன். நீ ஒக்காந்து வேடிக்கை பாத்த," என்றாள். உட்கார்ந்து! "நான் நின்னுக்கிட்டுல்ல இருந்தேன்," என்றேன். "எங்க வீட்ல ஒன்னை நிக்க வெப்பாங்களா? என் பக்கத்துலதான் நாற்காலி போட்டு ஒக்காருவ," என்று அடித்துச் சொன்னாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. மனதார நம்புகிறாள். நான் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டதும் அவளுக்கு நினைவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இதே யோசனைதான். அவளுக்கு வேண்டிய மாதிரி அவள் மறந்திருக்கிறாள், அவளை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அப்படியானால் நான் நின்றேன் என்பது எனக்கு வேண்டிய மாதிரி நான் வைத்துக்கொண்டதா? கால் வலித்தது நன்றாக நினைவிருக்கிறதே என்று யோசித்தேன். அடுப்புக் குமிழும் நன்றாகத்தானே நினைவிருக்கிறது என்றும் யோசித்தேன்.

மறுநாள் நானாகவே கிளினிக்குக்குப் போனேன். இதையும் சொல்லவில்லை, அடுத்த பொய். சின்ன வயது மலாய் டாக்டர், தங்கமான பெண். ஐந்து சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். நான்கு வந்தது. கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளெல்லாம் சரியாகவே போட்டேன். வயதுக்கு இது சாதாரணமாகவும் இருக்கலாம், ஆரம்பமாகவும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். விட்டுப்போன ஐந்தாவது சொல் ஆறு, தண்ணீர் ஓடுகிற ஆறு. காரில் ஏறிப் பாலத்தைத் தாண்டும்போது வந்தது. திரும்பிப் போய்ச் சொன்னால் மதிப்பெண் தருவாரா என்று கூட நினைத்தேன். நீ தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக நீ வேலையை விடப்போகிறாய்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன், சுற்றிச் சுற்றி எங்கெங்கோ போய்விட்டேன். நீ மூன்றாம் படிவம் படிக்கும்போது தீபாவளிக் காசையெல்லாம் சேர்த்து ஒரு பழைய மெஷின் வாங்கினாய். பரீட்சையில் மூன்று பாடத்தில் சிவப்புக் கோடு. ஒரு மத்தியானம் நீ பள்ளிவிட்டு வந்தபோது மெஷின் இல்லை. "நான்தான் தூக்கிப் போட்டேன், தஞ்சோங் காராங் வாய்க்கால்ல. போயி எடுத்துக்க," என்றார் சாயந்திரம் திரும்பிவந்த உன் அப்பா. அன்றைக்கு அவரிடம் பேச்சை நிறுத்தினாய். பிறகு பேசினாய், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் வேண்டியதை மட்டும். நாலு வருஷத்துக்கு முன் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட நீ மருந்துப் பையில் சொட்டு சரியாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாயே தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதை வீட்டைவிட்டு எடுத்துப் போடச் சொன்னது நான், கவின். அவர், "வேணாம்லா, பையன் பாவம், பரீட்சை முடிஞ்சதும் குடுத்துரலாம்," என்றார். நான் விடவில்லை. அவர் பிடுங்கினால் வயரை அறுத்துவிடுவார் என்று நானே ஒவ்வொரு வயராகக் கழற்றினேன், ஒழுங்காகச் சுற்றினேன், அவர் லோரியில் கொண்டுபோய் வைத்தேன். எப்படிக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பதையே அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். சாயந்திரம் நீ கத்தியபோது நான் சொல்வேன் என்று என்னைப் பார்த்தார். பிள்ளையைக் கண்டிப்பது அப்பன் வேலை, அதில் நான் ஏன் தலையிட வேண்டும் என்பது போல உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன். அவர் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டார். சாகும்வரை இறக்கி வைக்கவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்காதே, பதினைந்து வருஷமாக நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் படிப்பு கெடுகிறது என்ற பயம் இருந்தது, அது நிஜம். ஆனால் நீ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கும் உன் கையில், பட்டனும் உன் கையில் என்று விளையாடுவதைக் கதவோரம் நின்று பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ எரியும். பெற்ற பிள்ளை மேல் ஒரு தாய்க்கு அப்படி எரியுமா? எழுதவே கை கூசுகிறது. நானும் விளையாடியிருக்கிறேன், தள்ளி உட்கார் என்று உன்னிடம் சொல்லியிருந்தால் போதும், நம் மூன்று பேர் வாழ்க்கையும் வேறாக இருந்திருக்கும். சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் இது என் பொறுப்பு இல்லை என்று ஒதுங்குவது எவ்வளவு பெரிய பாவம் என்பதை என்னிடமிருந்து கற்றுக்கொள். நாளைக்கு உனக்கும் குடும்பம் வரும். அப்போது செய்ததைச் செய்தேன் என்று அன்றைக்கே சொல்லிவிடு.

இதையும் அம்மா எதையோ எதோடோ சேர்த்துக் குழப்பிக்கொள்கிறாள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். மெஷினைக் குழப்பிக்கொண்டேன், அடுப்பைக் குழப்பிக்கொண்டேன், நின்றேனா உட்கார்ந்தேனா என்பது கூட இனி எனக்கு நிச்சயமில்லை. இது குழப்பம் இல்லை. நான் சுற்றிக் கட்டிய வயர் அவர் லோரியின் முன்சீட்டில் கிடந்தது, அவர் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான், "போங்க, அவன் வந்துருவான்," என்றேன்.

நான் செய்த தப்பு அவர் கணக்கிலேயே கிடக்கிறது. உன் வேலையையும் என் கணக்கில் ஏற்றாதே. நாளைக்கு எனக்கு எது போகும், எது மிஞ்சும் என்று தெரியவில்லை. ஒரு நாள் நீ என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரும்போது, எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டுவிடக்கூடாது. அதனால், எதற்கு என்று எனக்குத் தெரிகிற இந்த வாரமே கேட்கிறேன். அந்தக் கம்பெனிக்கு வருகிறேன் என்று எழுது. அப்பா படத்துக்கு முன்னால் போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசு. என்னைப் பார்த்துக் கத்த வேண்டுமென்றால் கத்து, இந்த முறை பாதியில் குரலை இறக்காதே. முடிந்தால் என்னை மன்னித்துவிட்டுப் போ, முடியாவிட்டால் மன்னிக்காமலே போ. இங்கேயே இருந்து என்னைத் தண்டிக்காதே.

அம்மா